ஏணி வைத்து எடுக்கும் துப்பாக்கி

தினமும் காலையில் ஷட்டரைத் தூக்கியதும் நான் முதலில் கையில் எடுப்பது ஒரு துப்பாக்கி. பயந்துவிடாதீர்கள். நீல நிறப் பிளாஸ்டிக் கட்டை. சுடாது, விசைகூட அசையாது. தாராவியில் எங்கள் தோல் பட்டறையில், அமெரிக்காவுக்குப் போகும் துப்பாக்கி உறைகள் தைக்கிறோம். நனைத்த தோலை இந்த அச்சின்மேல் போர்த்திக் கட்டைவிரலால் நீவி நீவி விட்டால், காய்ந்தபின் அசல் துப்பாக்கி கச்சிதமாக உள்ளே உட்காரும். திருநெல்வேலிப் பக்கமிருந்து இங்கே வந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. இன்றுவரை அசல் துப்பாக்கியைத் தொட்டதில்லை. ஆனால் எங்கே வளைவு, எங்கே விசை என்று என் விரலுக்குத் தெரியும்.

ஊரில் இருப்பவர்களுக்கு இது வேடிக்கை. இங்கே இருப்பவர்களுக்கு நாங்கள்தான் வேடிக்கை. ஆர்டர் கொண்டுவரும் காட்கோபர் ஏஜென்ட், நான் திருநெல்வேலி என்று சொன்னதும், "அரே, உதர் தோ சப் கோய்த்தா சலாத்தே ஹைன் நா?" என்றார். கோய்த்தா என்றால் அருவாள். அங்கே எல்லாரும் அருவாள் வீசுவார்களாமே என்று கேட்கிறார். எனக்கு அப்போது இந்தி அரைகுறை. தேங்காய் வெட்டுவதைக் கேட்கிறார் என்று நினைத்து, "ஹான் பாய், ஹமாரே கர் மே பி", எங்கள் வீட்டிலும்தான் என்று பெருமையாகத் தலையாட்டினேன். மனிதர் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிட்டார்.

பட்டறையில் என் கூட்டாளி, என் மனைவியின் அண்ணன் செய்யது மச்சான். போன மாதம் ஒரு மதியம், அமெரிக்காவில் ஒரு பள்ளிக்கூடத்தில் யாரோ சுட்டுவிட்டதாக அவர் செல்போனில் செய்தி வந்தது. தைத்துக்கொண்டிருந்த உறையைக் கீழே வைத்தார்.

"இனிமே இந்த வேலை வேண்டாம் மாப்ள. பழையபடி பெல்ட்டு, பர்ஸு தைப்போம்."

"உறை என்ன மச்சான் செய்யும்? அது அவனுவ கலாச்சாரம். ரத்தத்துல ஊறுனது. நம்மாளு கையில துப்பாக்கியக் குடுத்தாலும் சுட மாட்டான்."

"என்ன பேசுதிய? கைக்கு எட்டுத எடத்துல கெடக்கு, சுடுதான். அன்னைக்கு ஒங்க வாப்பா கையில அருவாளுக்குப் பதிலா துப்பாக்கி இருந்திருந்தா, அடுத்த வீட்டுக்காரர் இன்னைக்கு உயிரோட இருப்பாரா?"

அடுத்து நடந்ததை எழுதக் கூச்சமாக இருக்கிறது. மேசைமேல் கிடந்த அச்சை என் கை எடுத்தது. மச்சானின் நெஞ்சுக்கு நேரே நீட்டியது. விரல் விசைக்குள் போய் அழுத்தியது. அசையாத விசையை நான் அழுத்திக்கொண்டே நின்றேன். மச்சான் கையைக் கழுவினார், டிபன் டப்பாவை எடுத்தார், போய்விட்டார்.

மச்சான் சொன்ன வாப்பா கதை உண்மைதான். ஆட்டை அறுக்கும்போதுகூட முகத்தைத் திருப்பிக்கொள்கிற மனிதர் அவர். சாக்கடைத் தண்ணீர் யார் வாசலில் ஓடுவது என்ற சண்டையில், விறகு வெட்டிக்கொண்டிருந்த அருவாளோடு அப்படியே திரும்பினார். அடுத்த வீட்டுக்காரருக்கு இரண்டு விரல் போயிற்று. அன்றைக்கே உம்மா அருவாளைப் பரணில் போட்டு, ஏணியைக் கொண்டுபோய்க் கொல்லையில் சாய்த்துவிட்டாள். அதற்குப் பின்னும் வாப்பாவுக்குக் கோபம் வராமலில்லை. "ஏணி எங்கடி?" என்று கத்துவார். கொல்லைக்குப் போய்த் தூக்கிவருவதற்குள் கோபம் வடிந்து, ஏணியின்மேலேயே உட்கார்ந்துவிடுவார். எங்கள் ஊர்க் கலாச்சாரம் மாறவில்லை. பின்வாங்குகிற ஆம்பிளையை இன்றும் கேலிதான் செய்வார்கள். ஆனால் எங்கள் வீட்டு அருவாளால் அதற்குப்பின் யாருக்கும் விரல் போகவில்லை. இதையெல்லாம் கண்ணால் பார்த்து வளர்ந்தவன்தான், ரத்தத்தில் ஊறியது என்று அமெரிக்காக்காரனைப் பற்றி அளந்தேன்.

எட்டு நாள் மச்சான் வரவில்லை. போனையும் எடுக்கவில்லை. வீட்டில் மனைவி என்னோடு பேச்சை நிறுத்திவிட்டாள். தோல் வெட்ட உட்கார்ந்தால் கை ஓடவில்லை; எழுந்து நடந்தால் பட்டறைக்குள் நாலு எட்டுக்கு மேல் இடமில்லை. ஒன்பதாம் நாள் குர்லாவில் ரயில் மாறி, மச்சான் வீடு இருக்கும் மான்குர்த் போனேன். பெண் எடுத்த வீட்டுக்கு வெறுங்கையோடு போகக்கூடாது. ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கக்கூட அன்று தோன்றவில்லை. கதவைத் திறந்த மச்சான் முதலில் என் கைகளைப் பார்த்தார், பிறகுதான் முகத்தை.

"மச்சான், அது வெறும் பிளாஸ்டிக்குதானே."

"பிளாஸ்டிக்குன்னு எனக்குத் தெரியும் மாப்ள. ஒங்க கைக்குத் தெரிஞ்சுதா?"

அவர் வீட்டு டீயைக் குடித்துவிட்டுத் திரும்பினேன். அன்றைக்கே அச்சைப் பட்டறைப் பரணில் போட்டேன். ஏணியை நாலு கடை தள்ளி ஒரு பீகார்க்காரர் பட்டறையில் வைத்துவிட்டு, ஏணி இருக்கும் இடத்தை மச்சானுக்கு போனில் குரல் செய்தியாக அனுப்பினேன். கையிலிருக்கும் ஆர்டர் முடியட்டும், பிறகு பெல்ட்தான் என்றும் சொன்னேன். மறுநாள் காலை ஷட்டரைத் தூக்கும்போது, ஏணியைத் தோளில் வைத்துக்கொண்டு மச்சான் நின்றார்.

இப்போது தினமும் இதுதான்; ராத்திரி அச்சு பரணுக்கும் ஏணி பீகார்க்காரரிடமும் போய்விடும். காலையில் நான் ஏறுவேன், அவர் கீழே ஏணியைப் பிடித்துக்கொள்வார். எதிர்க்கடை மராட்டிக்காரர், "ஒரு பொம்மைக்கு இவ்வளவு பாடா?" என்று இந்தியில் சிரிக்கிறார். அவருக்கு என்னத்தைச் சொல்ல? திருநெல்வேலிப் பரணும் தாராவிப் பரணும் எனக்கு ஒன்றாகிவிட்டன. நான் பார்க்கப்போகாத ஒரு நாட்டின் துப்பாக்கியோடு நடுவில் ஏணியில் நிற்கிறேன். இறங்கியதும், அச்சின் குழாய் என் பக்கம் இருக்கும்படி திருப்பி, பிடியை மச்சானிடம் நீட்டுகிறேன். வாங்குமுன் அவர் இன்னும் என் விரலைத்தான் பார்க்கிறார்.