தெர்ஸாவின் மேல் விழுந்த வினைச்சொல்

தெர்ஸா ஹெலிவெல் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாடு சமைத்தவள். உயரம் கம்மி. ஆனாலும் அவள் நடந்து வந்தால் நடைபாதையில் நிற்பவர்கள் தாமாகவே ஒதுங்குவார்கள். கணவர் ஃபிராங்க் பஸ் ஓட்டினார். ஐம்பதைத் தாண்டாமலே போய்ச் சேர்ந்துவிட்டார். பிள்ளைகள் இல்லை. எல்லர்டீனில் ஆற்றை ஒட்டிய கீழ்த்தெருவில் அவள் வீடும் என் வீடும் ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தன. அவள் வானொலியில் என்ன கேட்கிறாள் என்பது எனக்குத் தெரியும். நான் எப்போது தும்மினேன் என்பது அவளுக்குத் தெரியும்.

யார்க்‌ஷயரின் இந்தப் பள்ளத்தாக்குகளில் வெள்ளம் வருவது புதிதல்ல. மேலே மலைமேட்டுப் புல்வெளியில் விடிய விடியப் பெய்யும். எங்கள் தெருவில் தூறல்கூட இருக்காது. அப்படி ஒரு நாளில் ஆறு சமையலறைக்குள் வந்துவிட்டது. ஃபிராங்கின் அம்மா கொடுத்த பியானோ அவள் கண் முன்னால் மிதந்து சாய்ந்தது. சேற்றை வாரிக் கொட்டும்போது, ஆற்றோட்டத்தில் எங்களுக்கு மேலே இருக்கும் மேல்பாலத்துக்குப் பக்கத்தில் குடியிருக்கும் ஈனாக் கிராஸ்லி உதவிக்கு வந்தார். ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, கோழி வளர்த்துக்கொண்டிருந்தவர்.

"காலையிலயே தண்ணி பாலத்துத் தூணுல பாதிக்கு ஏறிடுச்சு. பாத்துட்டே இருந்தேன்" என்றார் அவர், மண்வாரியை ஊன்றிக்கொண்டு.

தெர்ஸா நிமிர்ந்தாள். "பாத்துட்டே இருந்தீங்களா?"

"ஆமா."

"அத எங்ககிட்ட யாரு சொல்லுவா, உங்க கோழியா?"

ஈனாக் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார். அதுதான் ஆரம்பம்.

பள்ளியில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே அவள் ஒரு ஏற்பாட்டை யோசித்தாள். மேல்பாலத்தின் கல்தூணில் ஒரு வெள்ளைக் கோடு. தண்ணீர் கோட்டைத் தொட்டால் ஈனாக் தெர்ஸாவுக்குத் தொலைபேசி அடிப்பார். இரண்டு தடவை மணி அடித்ததும் வைத்துவிடுவார். யாரும் எடுக்க வேண்டியதில்லை, பேச வேண்டியதில்லை. அவள் அடுத்த வீட்டுக்கு அடிப்பாள், அவர்கள் அதற்கடுத்த வீட்டுக்கு. தொலைபேசி இல்லாத வீடுகளுக்கு, கணப்பைக் கிளறும் இரும்புக் கம்பியால் நடுச்சுவரில் இரண்டு தட்டு. என் வீட்டில் தொலைபேசி கிடையாது. எனக்குத் தட்டுதான்.

அடுத்த குளிர்காலத்தில் அது வேலை செய்தது. கம்பளங்களைச் சுருட்டி மாடியில் போட்டோம். ஆறு வந்தபோது எங்கள் கீழ்த்தளங்களில் நனைவதற்குப் பெரிதாக எதுவும் மிச்சமில்லை. தெருக்கோடியில் இறைச்சிக்கடை வைத்திருந்த ஹெர்பர்ட் பாரக்ளஃப், தொத்திறைச்சிச் சரம் ஒன்றை அவள் வீட்டுக் கதவுப்பிடியில் மாலை மாதிரி தொங்கவிட்டுப் போனார்.

பிறகு அந்தச் சனிக்கிழமை வந்தது.

காலையிலிருந்து கனத்த மழை. மதியம் சுவரில் இரண்டு தட்டு கேட்டது. எல்லோரும் ஓடினோம். சனிக்கிழமைதான் ஹெர்பர்ட்டுக்கு வியாபாரம். வாசலில் வரிசை நிற்கும்போதே கடையைச் சாத்திவிட்டு, மாட்டுத் தொடைகளைத் தோளில் போட்டு மாடிக்கு ஏற்றினார். மழை நின்றது, வெயில்கூட எட்டிப் பார்த்தது. ஆறு கரைக்குள்ளேயே போய்க்கொண்டிருந்தது.

"ஈனாக் கண்ணுக்குக் கண்ணாடி மாத்தணும்" என்று யாரோ சொன்னார்கள். தெர்ஸா வாயைத் திறக்கவில்லை.

இரண்டு நாளில் வேறு ஒரு பேச்சு கிளம்பியது. ஹெர்பர்ட்டின் மைத்துனர் அந்தச் சனிக்கிழமை ஹாலிஃபாக்ஸ் பஸ்ஸில் ஈனாக்கைப் பார்த்தாராம். ஈனாக் ஊரிலேயே இல்லையென்றால் கோட்டைப் பார்த்தது யார்?

இந்தப் பேச்சு ஓடிக்கொண்டிருந்த வாரத்தில்தான் வட்டாரப் பத்திரிகையில் எங்கள் தெருவைப் பற்றி ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர் லயனல் கிளெட்ஹில். நடுவயசுக்காரர், சொற்களில் ஆசையுள்ளவர். சனிக்கிழமை நடந்ததையும் சொல்லி, பாராட்டியும்தான் எழுதியிருந்தார். ஆனால் 'பள்ளிச் சமையற்காரி மிஸஸ் ஹெலிவெல் கன்காக்ட் செய்த ஏற்பாடு' என்று ஒரு இடத்தில் போட்டிருந்தார்.

அந்த வினைச்சொல்லுக்கு ஒரு முகம் மட்டும் இல்லை. கையில் கிடைத்ததையெல்லாம் கலந்து சளிக்கு ஒரு பானம் காய்ச்சினாலும் அதுதான். மூளையைக் கசக்கி ஒரு திட்டம் தீட்டினாலும் அதுதான். ஆனால் கீழ்த்தெருவில் நாங்கள் அதை எடுப்பது பெரும்பாலும் இன்னொன்றுக்கு. திங்கட்கிழமை வேலைக்கு மட்டம் போட்டவன் மேஸ்திரியிடம் சொல்லும் காரணம் இருக்கிறதே, அது கன்காக்ட் செய்தது. இட்டுக்கட்டியது.

ஹெர்பர்ட் அந்தப் பக்கத்தை வெட்டிக் கடைக் கண்ணாடியில் ஒட்டினார். அந்தச் சொல்லுக்கு அடியில் கோடு எதுவும் போடவில்லை. போடத் தேவையும் இருக்கவில்லை.

மறுநாள் தெர்ஸா மேல்கோட்டை மாட்டிக்கொண்டு என் கதவைத் தட்டினாள். "பத்திரிகை ஆபீசுக்குப் போறேன். கூட வா. தனியாப் போனா கத்திடுவேன்."

கிளெட்ஹில் எங்களை உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தார். தெர்ஸா பத்திரிகையை விரித்து விரலை வைத்தாள்.

"இந்த வார்த்தை தப்பு."

அவர் குனிந்து பார்த்தார். நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். "தப்பில்லைங்களே மிஸஸ் ஹெலிவெல். நல்ல வார்த்தை. லத்தீன்ல இருந்து வந்தது, சேத்து வேகவைக்கிறதுன்னு அர்த்தம். நீங்க சமையல்காரங்க, பொருத்தமா இருக்குமேன்னு தேடிப் போட்டேன்."

"நான் வேகவைக்கிறத இருநூறு பிள்ளைங்க சாப்பிடுது. இத யாரும் தொடமாட்டேங்கிறாங்க."

அவர் அலமாரியிலிருந்து அகராதியை எடுத்துப் புரட்டினார். "பாருங்க. ஒண்ணு, பல பொருளக் கலந்து தயாரிக்கிறது. ரெண்டு, யோசிச்சு ஒரு திட்டத்த உண்டாக்குறது. இதத்தான் நான் சொன்னேன்." அதோடு நிறுத்திக்கொண்டார்.

"அடுத்ததையும் படிங்க."

"பொய்யா ஜோடிக்கிறது."

"எங்க தெருவுல கடைசியிலருந்துதான் படிப்பாங்க."

கிளெட்ஹில் சிரித்துவிட்டார். பிறகு புத்தகத்தை மூடாமலே கேட்டார். "சரி, மாத்திப் போடறேன். எது வேணும்? டிவைஸ் பண்ணாங்க, அதாவது திட்டமா வகுத்தாங்கன்னு போடட்டுமா?"

"அது கோட்டும் டையும் போட்ட வார்த்தை. பாலம் கட்டறவங்களுக்கு வச்சுக்கோங்க. யோசிச்சாங்கன்னு போடுங்க, போதும்."

"யோசிக்கிறது எல்லாரும்தான் யோசிக்கிறோம். நீங்க யோசிச்சதுல இருந்து ஒண்ணு வெளிய வந்து நின்னுச்சு. அதுக்கு வெறும் யோசிச்சாங்க பத்தாது."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. தெர்ஸா தேநீரை ஒரு வாய் குடித்தாள். கிளெட்ஹில் குரலைத் தணித்துக்கொண்டார். "ஒண்ணு கேக்கறேன், எழுதுறதுக்காக இல்ல. அந்தச் சனிக்கிழமை கோட்டப் பாத்தது யாரு?"

அவள் கோப்பையைத் தட்டில் வைத்தாள். "வார்த்தைய அப்படியே விட்டுடுங்க" என்று எழுந்துகொண்டாள்.

பஸ்ஸில் ஜன்னல் பக்கம் பார்த்தபடியே வந்தாள். இறங்குவதற்கு முன்தான் சொன்னாள். "அன்னிக்கு ஈனாக்குக்கு அடிச்சேன். அடிச்சுக்கிட்டே இருக்கு, எடுக்கல. கிழவன் தண்ணியில போயிட்டாருன்னே நெனச்சேன். கை தானா அடுத்த வீட்டு நம்பரச் சுத்திடுச்சு."

"அத அன்னிக்கே சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருக்கலாம். ஈனாக் பாத்தாருன்னு நீங்களே பேசிக்கிட்டீங்க. எனக்கு வசதியா இருந்துச்சு."

மழைக்காலம் இன்னும் முடியவில்லை. தெருவில் பாதிப் பேர் இனி மணி அடித்தால் நகரமாட்டோம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவள் பிரார்த்தனைக்கூடத்தின் பின்னறையில் எல்லோரையும் கூட்டினாள். ஈனாக் மேல்பாலத்திலிருந்து நடந்தே வந்து கடைசி நாற்காலியில் உட்கார்ந்தார்.

தெர்ஸா முன்னால் போய் நின்றாள். பள்ளியில் பிள்ளைகளுக்குப் பரிமாறும்போது நிற்பதுபோல இரண்டு கையையும் மேஜையில் ஊன்றியிருந்தாள்.

"சனிக்கிழமை கோட்ட யாரும் பாக்கல. ஈனாக் வீட்ல இல்ல. நான் பயந்துபோய் மணி அடிச்சேன். அப்புறம் அவர் பாத்தாருன்னு உங்கள நெனைக்க விட்டேன்."

அறையில் நாற்காலிகள் முனகின. ஹெர்பர்ட் கையைக் கட்டிக்கொண்டார். "அப்போ பத்திரிகைக்காரன் சரியாத்தான் எழுதியிருக்கான்."

"அந்தச் சனிக்கிழமைக்கு சரிதான் ஹெர்பர்ட். மத்த நாளுக்கு இல்ல."

அவள் குரல் உயரவில்லை. முகம் மட்டும் கழுத்து வரைக்கும் சிவந்திருந்தது. பக்கத்திலிருந்து பார்க்கும்போது எனக்கு அந்த மேஜையைப் பிடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

ஈனாக் எழுந்தார். அவர் நாலு பேர் முன்னால் பேசி யாரும் பார்த்ததில்லை. "ஹாலிஃபாக்ஸுக்கு சேவல் பாக்கப் போனேன். போறேன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கணும்" என்றார். சற்று யோசித்து, "சேவலும் சரியில்ல" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அதில்தான் அறை கொஞ்சம் இளகியது.

இனி ஒருவர் பார்த்தால் போதாது என்று முடிவாயிற்று. பாலத்துக்கு மறுகரையில் இருந்த பியானோ டீச்சர் மிஸ் ஓல்ட்ராய்டும் கோட்டைப் பார்ப்பார். ஈனாக் ஒருமுறை அடிப்பார், அவர் ஒருமுறை அடிப்பார். இரண்டு தடவையும் மணி வந்தால்தான் தெர்ஸா அடுத்த வீட்டுக்கு அடிப்பாள். ஹெர்பர்ட் மட்டும் தன் பேரை எடுத்துவிடச் சொன்னார். "எனக்கு வேண்டாம். மாடிப்படியில மாடு ஏத்தறதுக்கு இன்னொரு முதுகு என்கிட்ட இல்ல." தெர்ஸா சரி என்றாள்.

அடுத்த இலையுதிர்காலத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, எல்லார் வீட்டிலும் அடுப்பில் இறைச்சி வெந்துகொண்டிருந்த நேரத்தில் சுவரில் தட்டு கேட்டது. தட்டு பழையபடி இரண்டுதான், ஆனால் வேகம் வேறு. நான் கம்பளத்தைச் சுருட்டிக்கொண்டே காதுகொடுத்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் தெர்ஸா தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தாள். ஏற்பாட்டில் பேச்சே கிடையாது என்பதால் அது விசித்திரமாக இருந்தது.

"ஹெர்பர்ட், நான்தான். தண்ணி வருது."

அந்தப் பக்கம் என்ன கேட்டிருப்பார் என்று ஊகிப்பது கஷ்டமில்லை.

"நான் பாக்கல. ஈனாக் பாத்தாரு, மிஸ் ஓல்ட்ராய்டும் பாத்தாங்க. நம்பறதும் நம்பாததும் உன் இஷ்டம். வச்சிடறேன், எனக்கு என் வேலை இருக்கு."

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஹெர்பர்ட் கடை வாசலுக்கு வந்து ஆற்றைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். மழையே இல்லை. கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பிறகு உள்ளே போனார். ஒரு ஆட்டுத் தொடை அவர் தோளில் ஏறுவது தெரிந்தது. நானும் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவரும் ஓடிப்போய்க் கைகொடுத்தோம். கடைசிப் பன்றியைப் படியில் ஏற்றும்போது தண்ணீர் கடைக்குள் வந்துவிட்டது. ஹெர்பர்ட் முழங்கால் நனைய நின்று, "சரி, சரி" என்றார், யாரிடம் என்று தெரியவில்லை.

அதைப் பற்றியும் கிளெட்ஹில் எழுதினார். எழுதும் முன் தெர்ஸாவைக் கூப்பிட்டு எந்தச் சொல் போடட்டும் என்று கேட்டார். "தண்ணி வந்துச்சு, பொருளெல்லாம் தப்பிச்சுச்சுன்னு போடுங்க. என் பேருக்குப் பக்கத்துல வினைச்சொல்லே வேண்டாம்" என்றாளாம். அவரும் அப்படியே செய்தார். அந்த வாக்கியம் கொஞ்சம் நொண்டியது.

சில வருடங்களில் ஆற்று வாரியத்துக்காரர்கள் மேல்பாலத்தில் அளவுகோலும் அபாயச் சங்கும் வைத்தார்கள். மணி அடிக்கும் ஏற்பாடு மெதுவாக நின்றுபோனது. தெர்ஸா பள்ளியிலிருந்து ஓய்வு பெற்றாள். கோடையில் ஈனாக்கும் அவளும் பஸ் ஏறி பிரிட்லிங்டன் கடற்கரைக்குப் போய்வர ஆரம்பித்தார்கள். கையில் சாண்ட்விச் பொட்டலம், ஒரு குடுவைத் தேநீர், இரண்டு மடக்கு நாற்காலி.

தெருவில் பேச்சு வராமல் இருக்குமா? ஹெர்பர்ட்டே ஒருநாள் கடையில் எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார். "என்ன தெர்ஸா, ஈனாக் எப்போ மோதிரம் வாங்கப்போறாரு?"

"அவர் வீட்ல கோழி இருக்கு, என் வீட்ல பேச்சு இருக்கு" என்றாள் தெர்ஸா. "ரெண்டும் ஒரு கூரைக்குக் கீழ அடங்காது கண்ணு. அந்தப் பன்றி இறைச்சிய மெல்லிசா வெட்டு, சாண்ட்விச்சுக்கு."

ஹெர்பர்ட் மெல்லியதாகவே வெட்டிக் கொடுத்தார். மறுநாள் காலை பஸ்ஸில் இருவரும் முன்சீட்டில் உட்கார்ந்து போவதை நான் பார்த்தேன். பேசிக்கொண்டிருந்தது தெர்ஸாதான்.