நர்சுக்கு யார் சொன்னது

மூன்றாவதாகக் கரு தங்கியது தெரிந்தபோது என் சின்ன மகள் பள்ளிக்குப் போகத் தொடங்கியிருந்தாள். நான் எண்ணூரில் ஒரு கன்டெய்னர் கிடங்கின் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. பாதுகாப்பாகத்தான் இருந்தோம், அப்படியும் தங்கிவிட்டது. எனக்கு வேண்டாம் என்று தோன்றியது. கேட்டவர்களுக்கெல்லாம் இதைவிடப் பெரிய காரணம் தேவைப்பட்டது.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் என் கணவர், "உன் இஷ்டம், நான் இன்னா சொல்றது" என்றார். அவ்வளவு சுலபமாகச் சொன்னது அப்போதே எனக்கு உறுத்தியது.

கலைத்துவிடலாம் என்று டோல்கேட் பக்கம் ஒரு தனியார் கிளினிக்குக்குப் போனேன். இருக்கும் இரண்டும் பெண் என்றதும் அங்கிருந்த நர்சின் முகம் மாறிவிட்டது.

"எங்கனா ஸ்கேன் பாத்துகினு வந்தியா? பொண்ணுன்னு தெரிஞ்சிடுச்சா?"

இல்லை என்றேன். அவர் நம்பவில்லை. டாக்டரம்மா, என் கணவரின் கையெழுத்து வேண்டும் என்றார். அவரும் வந்து போட்டார். அதன்பின் நாள் தள்ளிக்கொண்டே போனது. ரத்தம் குறைவு, மாத்திரை சாப்பிட்டு வா என்றார்கள். அடுத்த முறை டாக்டர் ஊரில் இல்லை. அதற்கடுத்த முறை இன்னொரு டெஸ்ட். ஒவ்வொரு தடவையும் அரைநாள் லீவு கேட்டு, மேனேஜரிடம் வாய்க்கு வந்த பொய்யைச் சொன்னேன். நாள் ஏறினால் கஷ்டம் என்று எனக்குத் தெரியும். அவர்களுக்குத் தெரியாதா?

ஒருநாள் பிரஷர் பார்த்துக்கொண்டே அந்த நர்ஸ், "பெரியவளுக்குப் புதுநன்மை டிரெஸ் தைக்கக் குடுத்துட்டியா?" என்று கேட்டார்.

என் மகளுக்கு மாதா கோவிலில் புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, கொடுக்கப்போவதை நான் அவரிடம் சொன்னதே இல்லை. பஸ்ஸில் திரும்பும்போது மனம் அதையே சுற்றியது. வீட்டில் கணவர் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாலும் சந்தேகம், போகாமல் என் பக்கத்திலேயே பேசினாலும் சந்தேகம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ராயபுரத்தில் பூசை முடிந்து வெளியே வந்தோம். கோவில் வாசலில் அந்த நர்சும் என் நாத்தனாரும் கைகோத்து நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் நர்ஸ் நகர்ந்துவிட்டார்.

நாத்தனார் என் கணவரின் அக்கா. குழந்தை இல்லை. அன்று மதியமே அவர் வீட்டுக்குப் போய்க் கேட்டேன். அவர் மறைக்கவில்லை. கொஞ்ச நாள் இழுத்தடித்தால் நான் மனம் மாறிவிடுவேன் என்று நர்சிடம் கேட்டுக்கொண்டதாகச் சொன்னார்.

"அதுவும் ஒரு உயிருதானே. பெத்து என் கைல குடுத்துடு, நான் வளத்துக்கிறேன்" என்றார். கண் கலங்கியிருந்தது. அதைப் பார்த்து எனக்குப் பாவமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

"சுமக்கப்போறது என் ஒடம்பு அண்ணி. அத என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

நான் கிளினிக்குக்குப் போவதை உங்களுக்கு யார் சொன்னது என்று கேட்டேன். அவர் எழுந்து போய் டீ போட்டார்.

மறுநாள் யாரிடமும் சொல்லாமல் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனேன். இளவயது டாக்டர் ஒருவர் முழுவதையும் கேட்டுவிட்டு, மேஜரான பெண்ணுக்கு அவள் சம்மதம் மட்டும் போதும், கணவர் கையெழுத்து சட்டத்தில் எங்கேயும் இல்லை என்றார். முதலில் நான் அவரையும் நம்பவில்லை. இங்கும் யாராவது சொல்லி வைத்திருப்பார்களோ என்று கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். இன்னும் நேரம் இருக்கிறது என்று சொல்லி அந்த வாரமே செய்துவிட்டார்கள். வலித்தது. முடிந்ததும் அழுதேன். அந்த அழுகையில் வருத்தத்தைவிட நிம்மதிதான் அதிகம்.

ஷேர் ஆட்டோ பிடித்துக் காலடிப்பேட்டை வீட்டுக்கு வந்தபோது கணவர் ஷிப்ட் முடிந்து வந்திருந்தார். நான் சொன்னதைக் கேட்டுவிட்டுக் கஞ்சி வைத்துக் கொடுத்தார். குடித்து முடித்தபின் கேட்டேன், அண்ணிக்கு நீதானே சொன்னாய் என்று.

"நான் இன்னாத்துக்கு சொல்றேன்" என்றார், டம்ளரை எடுத்துக் கழுவிக்கொண்டே.

நாத்தனார் இப்போதும் வருகிறார், பிள்ளைகளுக்குத் தின்ன ஏதாவது வாங்கி வருகிறார். நானும் சிரித்துப் பேசுகிறேன். செய்ததை நினைத்து ஒருநாளும் நான் வருந்தியதில்லை. ஆனால் உடம்புக்கு என்ன வந்தாலும், சின்னக் காய்ச்சலானாலும், கணவரிடமோ அவர் வீட்டாரிடமோ முதலில் சொல்வதில்லை.