குழாய்க்குப் போன பாதிக் குரல்

அக்கா கப்பலேறப் போன வாரத்தில் நான் சத்தத்தை இரண்டாகப் பிரித்துக்கொண்டிருந்தேன். இன்றைக்கு நினைத்தாலும் என் மேலேயே எனக்கு எரிச்சல் வருகிறது.

ராமநாதபுரத்தில் அப்போது எனக்குச் சின்னதாக ஒரு மைக்செட் கடை. மண்டபம் போகிற ரயில்பாதையை ஒட்டிய ஓர் ஊரில் அம்மன் திருவிழாவுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அந்த ஊர் நிலக்காரர் கொழும்பிலிருந்து பெரிய ஸ்பீக்கர் ஒன்றை வரவழைத்து மரப்பெட்டிக்குள் பொருத்தி வைத்திருந்தார். என்னிடம் இருந்தது வழக்கமான தகரக் குழாய். இரண்டையும் ஒரே ஆம்பிளிபயரில் மாட்டச் சொன்னார். தவில் அடி குழாய்க்குள் போனால் கரகரவென்று கிழியும். நாகசுரம் அந்தப் பெட்டிக்குள் போனால் போர்வைக்குள் வாசித்த மாதிரி இருக்கும். அதனால் கனத்த சத்தம் பெட்டிக்கு, மெல்லிய சத்தம் குழாய்க்கு என்று பிரித்து அனுப்ப வேண்டும். குழாய்க்குப் போகும் கம்பியில் கனத்த சத்தத்தைத் தடுக்க ஒரு கண்டன்சர், பெட்டிக்குப் போகும் கம்பியில் மெல்லிய சத்தத்தைத் தடுக்க ஒரு காயில். செப்புக்கம்பி வாங்கி அந்தக் காயிலை நானே சுற்றினேன். சுற்றுவட்டாரத்தில் யாரும் செய்யாத வேலை என்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

அக்காதான் என்னை வளர்த்தவள். அம்மாவும் அய்யாவும் போன பிறகு எனக்கு அவளைத் தவிர யாருமில்லை. மச்சான் இலங்கையில் மலைப்பக்கம் கடை வைத்திருந்தார். அவள் போவதற்குக் காகிதம் கிடைக்கவே இரண்டு வருஷம் ஆனது. எப்போது திரும்புவாள் என்று அவளுக்கே தெரியாது. மானாமதுரையில் ரயிலேறி தனுஷ்கோடி போகிறவளை, ராமநாதபுரம் பிளாட்பாரத்தில் நின்று வழியனுப்புகிறேன் என்று சொல்லியிருந்தேன். திருவிழா தொடங்கி நாலாம் நாள் மதியம் ரயில். ஒரு நடை போய்வர நிலக்காரரும் சம்மதித்திருந்தார்.

காப்புக் கட்டும் நாள் சாயங்காலம் மாட்டிப் பார்த்தேன். பெட்டி கீச்சென்றது, குழாய் கிழிந்தது. பாட்டரியைத் திட்டினேன், ஆம்பிளிபயரைத் திட்டினேன். நிலக்காரர் பார்த்துக்கொண்டு நின்றது வேறு மானத்தை வாங்கியது. கம்பிகளுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தபோது பூசாரி மஞ்சள் நூலோடு வந்து கையைக் கேட்டார். பிரசாதக் கயிறாக்கும் என்று நிமிர்ந்துகூடப் பார்க்காமல் இடது கையை நீட்டினேன். அவர் கட்டிவிட்டுப் போன சற்று நேரத்தில் கோளாறு பிடிபட்டது. கண்டன்சரையும் காயிலையும் இடம் மாற்றிப் பற்றவைத்திருந்தேன். மாற்ற ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

அதற்குப் பிறகுதான் அந்த ஊர் வழக்கத்தைச் சொன்னார்கள். காப்புக் கட்டியதும் ஊர்க்காரர் யாரும் எல்லை தாண்டக் கூடாது. வெளியூர்க்காரனுக்கு அது கிடையாது. ஆனால் மேளக்காரர் மாதிரி திருவிழா வேலைக்கு வந்தவன் கையில் நூல் ஏறிவிட்டால் அவனும் ஊர்க்காரன்தான்.

"எட்டாம் நாளுதான் அவுக்கணும் தம்பி. அதுக்கு முன்னால நீ தாண்டினா பிள்ளைகளுக்கு ஆகாது" என்றார் பூசாரி.

கத்தினேன், கெஞ்சினேன். யாரும் கோபப்படவில்லை, அதுதான் இன்னும் எரிச்சல். மூன்று வேளையும் இலை போட்டு உபசரித்தார்கள். சொல்லியனுப்பலாம் என்றாலும் போக ஆளில்லை, எல்லாரும் என்னைப் போலத்தான். தினமும் காலையில் எல்லைக்கல் வரை நடந்தேன். கல்லுக்கு அந்தப் பக்கம் கூப்பிடு தூரத்தில் தண்டவாளம். நூலை அறுக்க இரண்டு தடவை பல்லுக்குக் கொண்டுபோனேன். போன வருஷம் அம்மை கண்டு பிழைத்த பிள்ளைகள், முகமெல்லாம் தழும்போடு, ஸ்பீக்கர் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்து பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அதுகளைப் பார்த்த பிறகு கை இறங்கிவிட்டது. அந்த ஊரையே வெறுத்தேன்.

நாலாம் நாள் காலையில் பூசாரியிடம் போய், குழாயை ரயில்பாதைப் பக்கம் திருப்பட்டுமா என்று கேட்டேன்.

அவர் அண்ணாந்து குழாயைப் பார்த்தார். "சத்தத்துக்கு யாரு காப்புக் கட்டினது? கூப்பிடு."

பனையில் ஏறிக் குழாயைத் திருப்பிக் கட்டினேன். மதியம் புகை தெரிந்ததும் மைக்கைப் பிடித்தேன். அக்கா, நான்தான், இங்கன இருக்கேன், போய்ட்டு வாக்கா. இதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். ரயில் பெட்டிகள் ஒவ்வொன்றாக ஓடின. சில ஜன்னல்களில் தலைகள் நீண்டன. எந்தத் தலை அவளுடையது என்று தெரியவில்லை. ரயில் போன பிறகும் கொஞ்ச நேரம் சொல்லிக்கொண்டிருந்தேன். கோயிலடியில் இருந்த பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஸ்பீக்கர் பெட்டியில் என் குரல் நல்ல கனமாகக் கேட்டது என்றார் நிலக்காரர். குழாயில் எப்படிக் கேட்டது என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

ஒரு மாதம் கழித்து அக்காவின் கடிதம் வந்தது. நான் வராததற்கு ஒரு வார்த்தை கோபமில்லை. நல்லபடியாகச் சேர்ந்ததையும், வீட்டில் எந்நேரமும் குளிர் என்பதையும் எழுதிவிட்டு, கடைசியில் இப்படி எழுதியிருந்தாள்:

"பிளாட்பாரம் முழுக்க உன்னைத் தேடினேன். ரயில் புறப்பட்டுக் கொஞ்ச தூரம் போனதும் ஏதோ ஊரில் ஒருத்தன் மைக்கில் அக்கா அக்கா என்று கூப்பிட்டான். கீச்சுக்குரல், சின்னப் பையன் போல. யார் பெற்ற பிள்ளையோ. அந்த அக்கா கொடுத்து வைத்தவள் என்று நினைத்துக்கொண்டேன்."

அது நான்தான் என்று பதில் எழுத உட்கார்ந்தேன். குளிருக்குக் கம்பளி வாங்கிக்கொள் என்று மட்டும் எழுதிப் போட்டேன்.