குற்றவாளியின் கடிதம்

என் தாய்மாமாவுக்கு நான்கு பெயர்கள். துப்பறியும் நாவலுக்கு ஒன்று, பேய்க்கதைக்கு ஒன்று, காமிக்ஸுக்கு ஒன்று. குடும்பக் கதைகளைப் பெண் பெயரில் எழுதி, கல்யாணம் கேட்டு வாசகர் கடிதம்கூட வாங்கியிருக்கிறார். சங்கரன்கோவிலில் எங்கள் தெருத் தறிச் சத்தத்துக்கு நடுவே உட்கார்ந்து மாதம் மூன்று பேரையாவது கொன்றுவிடுவார். அத்தை அதில் ஒரு வரியும் படித்ததில்லை. சாப்பாட்டு நேரம் தவிர அவரிடம் பேசுவதுமில்லை. ஏன் என்று அப்போது யாரும் எனக்குச் சொன்னதில்லை.

துப்பறியும் நாவல் என்றால் சரியாக எண்பது தாள். கடைசித் தாள் எப்போதும் குற்றவாளியின் கடிதம். மன்னிப்புக் கேட்டு முடியும். பத்து வயதில் அந்தத் தாள்களுக்கு எண் போடுவது நான்தான். அந்தப் பெருமையில் தலைகால் புரியாமல் திரிந்தேன்.

ஒருநாள் மாமா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டார். அத்தை கோவில் புற்றுமண்ணைக் குழைத்துப் பூசியும் கேட்கவில்லை. திருநெல்வேலியில் ஆபரேஷன் என்றார்கள். மறுநாள் அத்தையோடு கார் ஏறும்போது என்னைக் கூப்பிட்டார்.

"ஏட்டி, மேசையில நாவல் இருக்கு. நம்பர் போட்டு கூரியர்ல அனுப்பிரு மக்கா."

எண்ணினால் எழுபத்தொன்பதுதான் இருந்தது. குற்றவாளியின் கடிதத்தைக் காணோம். வீடெல்லாம் தேடி, கடைசியில் அடுக்களையில் அஞ்சறைப் பெட்டிக்கு அடியில் கண்டுபிடித்தேன். மாமாவின் மறதி ஊரறிந்தது.

'பிள்ளைக்குக் காய்ச்சல் கொதிக்கிறது என்று மூன்று தடவை கூப்பிட்டாய். கையிலிருக்கும் வேலையை முடித்துவிட்டு வருகிறேன் என்றேன். வந்தபோது அவன் இல்லை. கொன்றவன் நான்தான். என்னை மன்னித்துவிடு.'

படித்து அழுதேன். மாமா எழுதியதிலேயே இதுதான் நல்ல முடிவு என்று நினைத்தேன். எண்பது என்று போட்டு அனுப்பிவிட்டேன்.

மாமா உயிரோடு திரும்பவில்லை. நாவல் மட்டும் ரத்தக்கறை அட்டையோடு பஸ் ஸ்டாண்ட் கடையில் தொங்கியது. அவர்களுக்கு ஒரு பையன் பிறந்து இரண்டு வயதில் காய்ச்சலில் போனதை, நான் கல்லூரியில் படிக்கும்போதுதான் அம்மா சொன்னாள். அத்தையும் அதற்குள் போய்ச் சேர்ந்திருந்தாள்.

எனக்குப் பத்து வயதில், மாமாவின் பதினாறாம் நாள் காரியத்தன்று அத்தை என் அம்மாவின் தோளில் சாய்ந்து அழுதாள்.

"இத்தன வருசத்துல மன்னிச்சிருன்னு ஒரு வார்த்த சொல்லலியே மதினி. அது போதுமே எனக்கு."

நான் பக்கத்தில்தான் இருந்தேன். கதையில் வரும் கொலைகாரனையெல்லாம் அத்தனை அழகாக மன்னிப்புக் கேட்க வைத்தவர், அத்தையிடம் ஒரு வார்த்தை கேட்காமல் போய்விட்டாரே என்று எனக்கு மாமாமேல்தான் கோபம் கோபமாக வந்தது.