இடைவேளையில் கேட்ட டீ

கிள்ளானிலிருந்து காலை ரயிலில் வந்த கார்டு, ரயில்வே குமாஸ்தாவான என் மேசையருகே நின்று, "கிராணி, நம்ம சபாபதி போயிட்டாரு" என்றார். எனக்கு முதலில் வந்தது துக்கமில்லை. 'அப்பாடா, இனி அந்தப் பேச்சைப் பேச வேண்டாம்' என்ற நிம்மதி. சீ, நானும் ஒரு மனிதனா! பிரிக்பீல்ட்ஸில் அவரோடு பந்தாடியவர்களே, அது எந்தப் பேச்சு என்று உங்களுக்குச் சொல்லியாக வேண்டும்.

சபாபதி சிக்னல் பிரிவில் ஃபிட்டர். நம் மதுவிலக்குச் சங்கத்துக் கால்பந்து அணியில் இடப்பக்கம் ஆடுவார். நான் சங்கச் செயலாளர். அணியிலும் நான் வைத்ததுதான் சட்டம். ஆறு ஆண்டுகளுக்கு முன் கிள்ளான் அணியோடு ஆடியபோது, இடைவேளையில் அவர் என்னிடம் வந்தார். "கிராணி, சீனி போட்ட டீ ஒரு வாய் கிடைக்குமா? கை நடுங்குது." "ஆட்டம் முடியட்டும், எல்லாருக்கும் உண்டு. உனக்கு மட்டும் என்ன தனிச் சலுகை?" என்றேன். கெட்டில் என் காலடியில்தான் இருந்தது.

பிற்பாதியில் அவருக்கு வேர்த்துக் கொட்டியது. கால் பின்னியது. நாக்குக் குழற நடுவரைத் திட்டினார், பிறகு விழுந்தார். வாயை முகர்ந்துகூடப் பார்க்காமல், இரண்டு ஊர்க்காரர்களுக்கும் கேட்கும்படி, "கள்ளுக்கடைக்குப் போயிட்டு வந்திருக்கான்!" என்று கத்தினேன். மருந்தகத்தில் கட்டுப்போடும் டிரெஸர் ஓடி வந்து சீனித் தண்ணீர் புகட்டினார். கால் மணி நேரத்தில் சபாபதி எழுந்து உட்கார்ந்தார். "பாருங்க, போதை தெளிஞ்சிருச்சு" என்றேன். அவர் மறுக்கவில்லை. அன்றே சங்கப் புத்தகத்தில் அவர் பெயரை அடித்தேன்.

இரண்டு ஆண்டுகள் கழித்து, ஏதோ வேலையாகச் சிக்னல் கொட்டகைக்குள் நுழைந்தேன். சபாபதி தொடையில் இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டிருந்தார். நீரிழிவு. "அன்னிக்கும் போட்டிருந்தேன், சரியாச் சாப்பிடல" என்றார். என் முகம் போன போக்கைப் பார்த்து, டிரெஸர் தமக்குச் சொன்னதை எனக்குப் பொறுமையாக விளக்கினார்.

"நரம்பு தந்தி மாதிரி, கிராணி. உடனே போய்ச் சேரும். சுரப்பி நீர் சரக்கு வண்டி, மெதுவாத்தான் வரும். ஓடுறப்போ தந்தி பறக்கும், நெஞ்சு வேகமா அடிக்கும், ஈரல் சீனியை இறக்கும். இன்சுலின் வண்டியை உடம்பே குறைச்சுக்கும். என் வண்டி ஊசியில கிளம்பினது, அதை யாரு நிறுத்துறது? அது ரத்தத்துச் சீனியை வாரிக்கிட்டுப் போயிரும், சீனி தீர்ந்தா மூளை மங்கிரும். அந்த நடுக்கமும் வேர்வையும் உடம்பு அடிச்ச அபாய மணி."

"அப்பவே சொல்லியிருக்கலாமே?" என்றேன்.

"குடிச்சான்னா திட்டிட்டு விட்டுருவாங்க. நோயாளின்னா ஊருக்குத் திரும்பக் கப்பல் டிக்கெட்டைக் கையில கொடுத்துருவாங்க. டிரெஸர்கிட்டயும் வெளியில சொல்ல வேண்டாம்னு கேட்டுக்கிட்டேன். மூணு புள்ளைங்க இருக்கே."

அது ஆட்குறைப்புக் காலம். தாம் வேலையில் இருக்கும்வரை யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று கேட்டுக்கொண்டார். விடவில்லை. வாயை மூடிக்கொண்டிருப்பது எனக்குச் சுலபமாகவே இருந்தது.

சென்ற ஆண்டு பார்வை மங்கி, வேலையை விட்டுவிட்டு, குடும்பத்தோடு கிள்ளானில் மைத்துனர் வீட்டுக்குப் போனார். "ஆண்டுக் கூட்டத்தில எல்லார் முன்னாலயும் உண்மையைச் சொல்றேன், வா" என்று நானே அழைத்தேன். சலவைக் கோட்டுப் போட்டுக்கொண்டு, மனைவியோடு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். நான் எழுந்தேன். திடலில் புல் வெட்டுவதைப் பற்றிப் பேசினேன். புதுக் கோல் வலையைப் பற்றிப் பேசினேன். உட்கார்ந்துவிட்டேன். உங்கள் முன் தலைகுனிய எனக்குத் துணிவில்லை, அவ்வளவுதான். வாசலில் அவர் என் தோளைத் தட்டி, "பரவாயில்லண்ணே, அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்" என்றார். அதுவரை அவர் என்னை அண்ணே என்று கூப்பிட்டதில்லை.

சேதி கேட்டுக் கிள்ளானுக்குப் போனேன். பாடையைத் தூக்கும் நேரத்தில் ஒருவர், "நல்ல மனுஷன். குடி மட்டும் இல்லாட்டி இன்னும் பத்து வருஷம் இருந்திருப்பாரு" என்றார். சபாபதியின் மனைவி என்னைத்தான் பார்த்தார். நான் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

இப்படி அஞ்சலி எழுதுகிறவர்கள் மறைந்தவரிடமிருந்து தமக்குக் கிடைத்ததைச் சொல்லி முடிப்பார்கள். என்னிடம் இருப்பது அவருடைய நல்ல பெயர். அவர் தந்ததில்லை, நான் பறித்தது. தங்கச்சி, உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் உரியதை, அவர் கேட்க முடியாத காலத்தில் எழுதுகிறேன்: சபாபதி ஒரு நாளும் குடித்ததில்லை.