பாங்கிக்குள் ஓடிய டவுன் பஸ்

ஒரு பசு மாடு, பாங்கிக்குள்ளேயே காணாமல் போகப் பார்த்து மயிரிழையில் தப்பியது. நம்புவீர்களா? நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

மாட்டுக்குச் சொந்தக்காரர் ஆரோக்கியமேரி. என் வீட்டுக்காரரின் அக்கா, எனக்கு அண்ணி. கடத்தூர்ப் பக்கம் கடலைக்காட்டோடு தனியாளாக மல்லுக்கட்டுகிறவர். கடலை விற்ற காசை வருஷக்கணக்காகத் தருமபுரியில் ஒரு பாங்கியில் போட்டு வைத்திருந்தார். மூவாயிரம் சேர்ந்ததும், எடுத்துப் போகப் போன மாதம் வந்தார். சினை மாடு ஒன்று பேசி முடித்தாகிவிட்டது. ராணி என்று பெயர்கூட வைத்தாகிவிட்டது. பணம்தான் பாக்கி!

துணைக்கு நான். சும்மா துணை இல்லை — பெரிய போலீஸ் அதிகாரி தோரணையில் போனேன். பஸ் ஸ்டாண்டில் ஆரம்பித்து பாங்கி வாசல்வரை ஒரே உபதேசம். யாரையும் நம்பக் கூடாது, யாரிடமும் பேசக் கூடாது, இப்படி. அண்ணி எல்லாவற்றுக்கும் "சரிம்மா, சரிம்மா" என்று தலையாட்டிக்கொண்டே வந்தார்.

உள்ளே நுழைந்ததும் ஒருத்தர் எதிரே வந்தார். சஃபாரி சூட், கக்கத்தில் தோல் பை.

"ஃபாரம் எழுதித் தரட்டுங்களாம்மா?"

குரலில் தேன் ஒழுகியது. ஆனால் கையில் பாஸ்புக் இல்லை, டோக்கன் இல்லை... பாங்கிக்குள் இவருக்கு என்ன வேலை?

"வேணாங்க. எங்களுக்கே எழுதத் தெரியும்" என்று வெட்டிவிட்டேன். என்னை நானே முதுகில் தட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

ஃபாரத்தைக் கொடுத்தோம். பித்தளை டோக்கன் வந்தது. நம்பர் நாற்பத்தேழு. அப்புறம் நடப்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். கேஷியர் நம்பரைக் கூப்பிடுவார். டோக்கனை நீட்டித் தொகையைச் சொன்னால் பணம் கைக்கு வரும். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு நம் முகமா தெரியும்? பித்தளைதான் நம் முகம்.

அன்றைக்குப் பார்த்துச் சந்தை நாள். கேஷ் கவுன்ட்டர் முன்னால் எள் போட்டால் விழாது.

"நாப்பத்தேழு!"

அண்ணி எக்கிப் பார்த்தார். தோளால் இடித்துப் பார்த்தார். வழி கிடைக்கவில்லை. உடனே என்ன செய்தார் தெரியுமா? முன்னால் நின்றவரின் தோளைத் தட்டி, டோக்கனை அவர் கையில் வைத்துவிட்டார்!

"யண்ணா, இத அப்பிடியே முன்னால குடுத்துடுங்க!"

அதோடு விட்டாரா? எட்டு ஊருக்குக் கேட்கிற குரலில், "நாப்பத்தேழு! மூவாயிரம்! மாட்டுக்கு!"

டவுன் பஸ்! சாட்சாத் நம் டவுன் பஸ்! கூட்டத்தில் கண்டக்டர் நம்மிடம் வர முடியாது. நாமும் அவரிடம் போக முடியாது. காசை முன்னால் இருப்பவரிடம் கொடுத்து "கடத்தூர் ஒண்ணு" என்று கத்துவோம். காசு கை மாறிக் கை மாறிப் போகும். டிக்கெட்டும் மீதிச் சில்லறையும் அதே வழியில் திரும்பி வரும். அண்ணி பாங்கியையும் பஸ்ஸாக்கிவிட்டார். கூட்டம் மட்டும் லேசுப்பட்டதா? ஒரு ஆள்கூட ஏன், எதற்கு என்று கேட்கவில்லை. வாங்கி வாங்கி முன்னால் அனுப்பினார்கள்.

"அண்ணி! ஐயோ, அண்ணி!"

"ஏம்மா கத்தற? அதான் போயிட்டிருக்குதில்ல?"

போயிற்று. கடைசியாக வாங்கிய கை யாருடையது? சஃபாரி!

"எவ்ளோங்க?" என்றார் கேஷியர், தலை நிமிராமல்.

"மூவாயிரம்." பளிச்சென்று பதில். அண்ணிதான் ஊருக்கே சொல்லிவிட்டாரே!

நோட்டுக்கட்டு வெளியே வந்தது. தோல் பைக்குள் போனது. ஜிப் மூடியது. நானும் இடித்துத் தள்ளிப் பார்த்தேன், ஓர் அடிகூட நகர முடியவில்லை. ராணி போய்விட்டாள்... அண்ணியின் அத்தனை வருஷத்துக் கடலையும் போய்விட்டது.

சஃபாரி திரும்பினார். எதிரே ஒரு கை நீண்டிருந்தது. பச்சைத் துண்டு போட்ட ஒரு பெரியவரின் கை.

"குடுங்க" என்றார் பெரியவர்.

"எ... என்ன?"

"பணத்தக் குடுங்க. பின்னால அனுப்ப வேணாமா?"

அவருக்குப் பின்னால் இன்னொரு கை. அதற்குப் பின்னால் இன்னொன்று. கவுன்ட்டரிலிருந்து அண்ணி நிற்கிற இடம்வரை வரிசையாகக் கைகள்! டிக்கெட் திரும்பி வரும்போது நீட்டுவோமே, அதே மாதிரி.

"பையில போட்டுட்டீங்களே... அந்தம்மா பின்னால நிக்கறாங்க பாருங்க."

"இல்லீங்க, கூட்டமாச்சேன்னு... பத்திரமா..."

"அதெல்லாம் ஒண்ணும் ஆவாதுங்க. நாங்க இத்தன பேரு இருக்கறோமில்ல? குடுங்க."

யாருக்கும் சந்தேகம் இல்லை, அதுதான் வேடிக்கை! அவர்கள் கணக்கில் அவர் திருடரே இல்லை. வழியில் ஒரு கை, அவ்வளவுதான். பாவம், சஃபாரி என்ன செய்வார்? ஜிப் திறந்தது. கட்டு கை மாறிக் கை மாறி வந்து அண்ணியின் மடியில் ஏறியது. ஒரு நோட்டும் குறையவில்லை.

அண்ணி எக்கி நின்று, "நல்லா இருங்கண்ணா!" என்று சஃபாரியை வாழ்த்தினார். அவர் திரும்பிப் பார்க்காமல் வெளியே நடந்தார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்து, கடைசியில் விக்கல்தான் வந்தது.

கூட்டம் குறைந்த பிறகு கேஷியரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் எண்ணிக்கொண்டிருந்த நோட்டைக் கீழே வைத்துவிட்டார்.

"இதுக்கு முன்னாடியும் ஒருத்தரு பெஞ்சுல உக்காந்தபடியே டோக்கன வேற ஆள்கிட்ட குடுத்து அனுப்புனாருங்க. அவரு பணம் திரும்பி வரவே இல்ல."

"அப்ப பக்கத்துல யாரும் பாக்கலீங்களா?"

"அன்னிக்குக் கூட்டமே இல்லீங்க."

சிரித்துக்கொண்டிருந்தவள் அதைக் கேட்டதும் அடங்கிப்போனேன். எல்லா நாளும் சந்தை நாளாக இருக்குமா? எல்லா நாளும் பச்சைத் துண்டுக்காரர் கையை நீட்டிக்கொண்டு நிற்பாரா? அடுத்தவரை நம்பிக் காசு அனுப்புகிற நம் ஜனங்களை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனால் ஏமாற்ற வருகிறவனுக்குப் பூட்டை உடைக்கிற வேலைகூட இல்லையே... கடைசிக் கையாகப் போய் நின்றால் போதும்.

ஆகவே, உங்கள் டோக்கன் உங்கள் உள்ளங்கையிலேயே இருக்கட்டும். தொகை கேஷியர் காதுக்கு மட்டும் கேட்கட்டும். கூட்டமாக இருந்தால் நின்ற இடத்திலிருந்தே "இருங்க, வந்துட்டேன்" என்று குரல் கொடுங்கள். காத்திருப்பார், பணம் எங்கேயும் ஓடிவிடாது. இதையெல்லாம் அண்ணியிடமும் சொன்னேன். "சரிம்மா, சரிம்மா" என்றார்.

ராணி வந்து சேர்ந்தாள். போன வாரம் கன்றும் போட்டாள். ஞாயிற்றுக்கிழமை அண்ணி தொப்பூரில் ஒரு விசேஷத்துக்குப் போகிற வழியில் எனக்கு ஒரு தூக்குப்போசியில் சீம்பால் கொண்டுவந்தார். நான் பஸ் ஸ்டாண்டில் காத்திருந்தேன். பஸ்ஸில் நிற்க இடமில்லை. அண்ணியால் இறங்க முடியவில்லை. நடுவிலிருந்து அந்தக் குரல் மட்டும் கேட்டது.

"யண்ணா, இத அந்தக் கண்ணாடி போட்ட அம்மாகிட்ட குடுத்துடுங்க!"

தூக்குப்போசி கை மாறிக் கை மாறி, ஜன்னல் வழியாக என்னிடம் வந்தது. சீம்பால் ஒரு சொட்டுச் சிந்தவில்லை... மூடி மட்டும் வேறு யாருடையதோ!