நெஞ்சு திறந்த உருவம்

என் மனைவி கோமதிக்கு இருமல் முதலில் வேலை முடிந்து வீடு திரும்பும் மாலைகளில்தான் தோன்றியது. இராஜபாளையத்தில் மருத்துவக் கட்டுத்துணி வெளுக்கும் ஆலை ஒன்றில், துணியின் கஞ்சியைப் போக்கும் பொடியைத் தொட்டியில் கரைப்பது அவள் பணி. பஞ்சுத் தூசியாயிருக்கும் என்று கருதிச் சுக்கும் மிளகும் கொடுத்துவந்தேன். மூச்சோடு சீழ்க்கை ஒலி எழத் தொடங்கிய பின்னரே அச்சம் பிறந்தது.

திருவில்லிபுத்தூர் மருத்துவமனையில் ஓர் இளம் பெண் மருத்துவர் அவளைக் குழலில் ஊதச் செய்து மூச்சின் விசையை அளந்தார். பின்னர், "லீவு நாள்ல எப்படிம்மா இருக்கு?" என்று வினவினார்.

"ஆடிப்பூரத்துக்கு ஆலை அடைச்சிருந்தப்ப நல்லாத்தான் இருந்தேன் டாக்டரம்மா. தேரு பாத்த புண்ணியம்னு இவிய சொன்னாவ."

நான் சுவரைப் பார்த்தேன். மருத்துவர் சிரிக்கவில்லை. பணியிடத்துக் காற்றால் வரும் இரைப்பு (தொழில்வழி ஆஸ்துமா) ஓய்வில் தணியும் என விளக்கி, பொடி வரும் டிரம்மைப் படமெடுத்து வரப் பணித்தார்.

மறுமுறை கைபேசியில் காட்டினோம். டிரம்மின் மேல் அச்சிட்ட ஒரு கறுப்பு மனித உருவம். அதன் நெஞ்சில் வெள்ளை நட்சத்திரம். நெற்றியில் சந்தனமும் குங்குமமும்.

"இதுக்கு யாரு பொட்டு வச்சது?"

"நாங்கதான், வெள்ளிக்கெழம தவறாம. நெஞ்சத் தொறந்து ராமரக் காட்டுத ஆஞ்சநேயருல்லா?"

"அவரு இல்லம்மா. இந்தப் பொடி நெஞ்சுக்குள்ள போனா ஆபத்துன்னு சொல்லுத படம்."

கோமதி கைபேசியை வாங்கி அந்தப் படத்தை அருகில் வைத்துப் பார்த்தாள். பிறகு, "கும்புட்டுக்கிட்டே மோந்துருக்கேன்" என்றாள்.

பல நாட்டு அறிஞர்கள் கூடி, ஒரு பொருளால் யாருக்கு என்ன தீங்கு நேரும் என ஆய்ந்து (இடர் மதிப்பீடு), எழுத்தறியாதவர்க்கும் விளங்கட்டும் என்று பொதுவாக வகுத்த படம் அது. எங்களூர் வரை வந்தது. பொருள் மட்டும் வந்து சேரவில்லை.

பொடியை அறவே விட்டாலன்றி நுரையீரல் தேறாது என்றார் மருத்துவர். பிழைப்பு போய்விடும் என்று கோமதி அஞ்சினாள். இத்தகைய படங்களை வகுக்கும் அறிஞர்களின் இணையக் கூட்டமொன்றில் அவள் கதையைச் சொல்ல மருத்துவர் அனுமதி கேட்டபோது, மூன்று நாள் உறங்காது யோசித்து, தானே பேசுவதாக உடன்பட்டாள்.

திரையில் வெள்ளைக்கார அம்மையார் ஒருவர், வேறு எந்தப் படம் புரியும் என மொழிபெயர்ப்பாளர் வழியே கேட்டார்.

"இருமுத பொம்பளைய வரைங்க. அவள யாரும் கும்புட மாட்டாவ."

மொழிபெயர்ப்பு சென்று சேர்ந்தபின் அங்கே சிரிப்பு எழுந்தது. பின்னர் அனைவரும் குனிந்து எழுதிக்கொண்டார்கள்.

கூட்டத்துச் செய்தி எட்டி, துணியை வாங்கும் அயல்நாட்டாரும் விசாரித்ததால், ஆலையில் பொடிக்குப் பதிலாகத் தூசி எழாத திரவம் வந்தது. கோமதியைத் துணி மடிக்கும் பகுதிக்கு மாற்றினார்கள். இதே நிலையிலுள்ள அன்பர்கள், விடுமுறையில் உடல் எப்படியிருக்கிறது என்பதை மருத்துவரிடம் மறவாது கூறுக.

இரைப்பு தணிந்தது, முற்றும் நீங்கவில்லை. மாடிப்படியின் நடுவே அவள் நிற்பாள்; நானும் நிற்பேன். முன்பு அந்தப் படிகளை ஏறிக் கடந்தோம். இப்போது அங்கேயும் சிறிது நேரம் வாழ்கிறோம். கீழிருந்து பார்ப்பவர்க்கு, இருவரில் யாருக்கு மூச்சு வாங்குகிறது என்று தெரியாது.